கழட்டுன பார்ட்டைக் காட்டுங்க!

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி கார் சர்வீஸ் பில்லைப் பற்றியது. அருப்புக்கோட்டையிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் மதுரைக்கோ விருதுநகருக்கோ வண்டியைக் கொண்டுபோய் விட்டு, பஸ்ஸில் ஊர் திரும்பி, மதியம் போன் வந்ததும் திகைத்துப்போகிறவர்களின் கேள்விகள். ஆகவே இந்த இதழ் முழுவதும் அதற்கே. மற்றவை அடுத்த இதழில்.

கேள்வி: முப்பதாயிரம் கிலோமீட்டர் சர்வீஸுக்கு விட்டேன். காலையில ஐயாயிரம்னு சொன்னாங்க. மதியம் போன் வருது: இன்ஜெக்டர் கிளீனிங், டிகார்ப், ஏசி டிரீட்மென்ட், அடியில கோட்டிங், வீல் அலைன்மென்ட், பிரேக் பேடு, எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம்! எதுக்குச் சரின்னு சொல்ல, எதுக்கு வேண்டாம்னு சொல்ல, அண்ணாச்சி?
— விசைத்தறிக்காரர், பாளையம்பட்டி

பதில்: போனில் எதற்குமே ‘சரி’ சொல்லாதீர்கள். ‘ஒவ்வொண்ணும் எவ்வளவு, எதுக்காகன்னு எழுதி வாட்ஸ்அப்புல அனுப்புங்க. பார்த்துட்டுச் சொல்றேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். வாயால் சொல்லும்போது நீளுகிற பட்டியல், எழுதிக் கேட்டால் தானாகச் சுருங்கும்.

அடுத்து, கார் வாங்கும்போது கொடுத்த ஓனர்ஸ் மேனுவலை எடுங்கள். அதில் கட்டம் போட்ட ஓர் அட்டவணை உண்டு. எத்தனை கிலோமீட்டரில், எத்தனை மாதத்தில், எதைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று காரைச் செய்தவர்களே எழுதிக் கொடுத்தது. அட்டவணையில் இருக்கிற வேலையைச் செய்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். அதில் இல்லாத வேலைக்கு ஒரே கேள்வி: ‘என் வண்டியில என்ன குறை கண்டீங்க, இதைச் சொல்றீங்க?’ குறையைக் காட்டினால் யோசியுங்கள். காட்ட முடியாவிட்டால் வேண்டாம்.

உங்கள் பட்டியலுக்கு வருவோம். இன்ஜெக்டர் கிளீனிங்கும், இன்ஜினுக்குள் படிந்த கரியை எடுக்கிற டிகார்ப்பும், வண்டி திணறினால், பிக்கப் குறைந்தால், மைலேஜ் திடீரென்று விழுந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் பார்க்க வேண்டியவை. இதில் எதுவும் இல்லாமல் நாற்கரச் சாலையில் நன்றாக ஓடுகிற வண்டிக்கு முப்பதாயிரத்தில் அந்தச் செலவு எதற்கு? கரி படிவது பெரும்பாலும் தெருவுக்குத் தெரு நின்று நின்று போகிற வண்டியில்தான்.

அடியில் அடிக்கிற துருத்தடுப்புக் கோட்டிங் கடலோரத்துக்குப் பொருந்தும். தூத்துக்குடியில் உப்புக்காற்றில் நிற்கிற காருக்கு நானே அடிக்கச் சொல்வேன். நம் வட்டாரத்தில் ஆண்டு முழுக்கப் பெய்வது எண்ணூறு மில்லிமீட்டரை ஒட்டிய மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். கரிசல் சகதி அடியில் அப்பியிருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், அது போதும்.

ஏசியில் முடை நாற்றம் அடிக்கிறதா, காற்று குறைந்திருக்கிறதா? அப்படியானால் முதலில் ஏசி ஃபில்டர். பல கார்களில் அது கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம். நம் ஊர்ப் புழுதிக்கு அது அடைத்துத்தான் கிடக்கும், மாற்றிவிடுங்கள். மருந்தடிக்கிற ‘டிரீட்மென்ட்’ அதன் பிறகும் நாற்றம் போகாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

அலைன்மென்ட், ஸ்டீயரிங் ஒருபக்கம் இழுத்தாலோ டயர் ஓரம் தேய்ந்திருந்தாலோ கட்டாயம். கிராமத்துச் சாலைக் குழிகளில் இறங்கி ஏறுகிற வண்டி என்றால் பத்தாயிரத்துக்கு ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை.

பிரேக் பேடுக்கு ‘அறுபது பர்சென்ட் போச்சு’ என்பார்கள். பர்சென்ட் வேண்டாம், மில்லிமீட்டரில் கேளுங்கள். புதிய பேடில் தேய்கிற பகுதி ஏறத்தாழ 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் பேரமே பேசாமல் மாற்றுங்கள், உள்ளே உட்காருவது உங்கள் பிள்ளைகள். 6 இருக்கிறது என்றால் அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்.

கேள்வி: சாதாரணக் காற்றுக்குப் பதிலா நைட்ரஜன் அடிக்கச் சொல்றாங்களே?
— ம.ரெட்டியபட்டி வாசகர்

பதில்: நாம் மூச்சுவிடுகிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதற்குக் காசு கொடுப்பதைவிட, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் எழுதியுள்ள அளவு காற்று இருக்கிறதா என்று பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். டயர் சூடேறுமுன், காலையில்.

கேள்வி: மேனுவல்ல நாற்பதாயிரத்துலதான் ஏர் ஃபில்டர் மாத்தணும்னு இருக்கு. இவங்க இருபதாயிரத்துலேயே மாத்திட்டாங்க. ஏமாத்திட்டாங்களா?
— பந்தல்குடி வாசகர்

பதில்: இருக்காது. அவர்கள் சொன்னது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே மேனுவலில், அட்டவணைக்குக் கீழேயோ அடுத்த பக்கத்திலோ, ‘கடுமையான சூழலில் ஓடும் வண்டிகளுக்கு’ என்று தனியாக எழுதியிருக்கும். புழுதிச் சாலை அந்தப் பட்டியலில் வரும். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்வருகிற பந்தல்குடிச் சாலையைவிடப் புழுதிக்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டுமா? அடைத்துப்போன ஃபில்டரோடு ஓட்டினால் பிக்கப் வீண். கிழிந்த ஃபில்டரோடு ஓட்டினால் மண் உள்ளே போய் இன்ஜினே வீண்.

சர்வீஸ் சென்டர் சொல்வதையெல்லாம் மறுப்பதும் தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கேள்வியை எடுத்தேன். அடுத்த முறை பழைய ஃபில்டரைக் கையில் வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் இன்னும் ஓடும். தெரியாவிட்டால் மாற்றியது நியாயம்.

கேள்வி: கோட்டிங்கும் டிகார்ப்பும் வேண்டாம்னு சொன்னேன். ‘அப்புறம் வாரண்டிக்கு நாங்க பொறுப்பில்ல மேடம்’னு சொல்லிட்டாங்க. உள்ளூர் மெக்கானிக்கிட்ட பிரேக் பேடு மாத்தினாக்கூட மொத்த வாரண்டியும் போயிருமாம். நெசமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, திருச்சுழி

பதில்: டீச்சர், முதல் பாதி மிரட்டல். வாரண்டிப் புத்தகத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். அட்டவணைப்படியான சர்வீஸ்களைக் காலத்தில் செய்திருக்க வேண்டும் என்றுதான் அதில் இருக்கும். கோட்டிங் அடிக்காததால் வாரண்டி ரத்து என்று யாராவது சொன்னால், ‘இதை உங்க லெட்டர்ஹெட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க’ என்று கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

இரண்டாவது பாதிக்கு ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. கார் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2011இல் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் பதிவானது. கார் கம்பெனிகள் ஒரிஜினல் உதிரிபாகங்களையும், கோளாறைக் கண்டுபிடிக்கிற கருவிகளையும், பழுதுபார்க்கும் கையேடுகளையும் தங்கள் டீலர்களுக்கு மட்டும் கொடுக்கின்றன. வெளியே இருக்கிற மெக்கானிக்குக் கொடுப்பதில்லை. அதனால் கார் வாங்கியவர் ஆயுள் முழுக்க டீலர் சொன்ன விலைக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது என்பது குற்றச்சாட்டு. ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் என்று மூன்று கம்பெனிகள் மீது தொடங்கிய விசாரணை, விசாரிக்க விசாரிக்க 17 கம்பெனிகளுக்கு விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கம்பெனிகளுக்கு அபராதம் விதித்தது. மாருதி சுசூகி, டாடா, மஹிந்திரா, டொயோட்டா, ஃபோர்டு எல்லாம் அதில் உண்டு. மொத்தத் தொகை 2,544 கோடி ரூபாய்க்கு மேல்.

அபராதத்தைவிட அந்த உத்தரவு சொன்ன வழி நமக்கு முக்கியம். உதிரிபாகங்களையும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும். வெளியே வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது. வெளியே செய்த வேலை மோசமாகி அதனால் ஒரு பாகம் கெட்டால், அந்தக் கோளாறுக்குப் பொறுப்பேற்க மாட்டேன் என்று கம்பெனி சொல்லலாம். அது நியாயமும்கூட. பிரேக் பேடை வெளியில் மாற்றியதற்காக ஏசி கம்ப்ரஸருக்கு வாரண்டி இல்லை என்பது நியாயமில்லை. அபராதத்தை எதிர்த்துக் கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் மூன்றும் செய்தது தவறே என்று உறுதிசெய்தது. தொகையை மட்டும், மொத்த விற்பனைக்குப் பதிலாக உதிரிபாக விற்பனையை வைத்துக் கணக்கிடச் சொல்லிக் குறைத்தது.

வெளியே வேலை பார்த்ததற்காக வாரண்டியை மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1975இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே 2022 டிசம்பரில்தான் மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்று ஓர் இணையதளம் திறந்தது. கார்களும் அதில் அடக்கம்.

உங்களுக்கு என் யோசனை: வாரண்டி இருக்கும் வரை அட்டவணைச் சர்வீஸைக் கம்பெனியிலேயே செய்யுங்கள், வீண் வாக்குவாதம் மிச்சம். வாரண்டி முடிந்த பிறகு, கை சுத்தமான உள்ளூர் மெக்கானிக் ஒருவர் கிடைத்தால் அவரிடம் போங்கள். அவரிடமும் பில் வாங்குங்கள், கழற்றிய பாகத்தைக் கேளுங்கள். ஏமாற்று வேலை பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் மட்டும்தான் நடக்கும் என்று இல்லை.

கேள்வி: நான் ஒரு சர்வீஸ் சென்டர்ல அட்வைசர். எங்களைத் திருடன் மாதிரி பார்க்குறாங்க. மாசக் கடைசியில ‘ஒரு வண்டிக்கு இவ்வளவு பில் வரணும், இத்தனை கோட்டிங் விக்கணும்’னு மேல இருந்து கேக்குறாங்க. இல்லைன்னா இன்சென்டிவ் கிடையாது, திட்டு வேற. நாங்க என்ன செய்ய?
— பெயர் வேண்டாம் என்றவர், காரியாபட்டி

பதில்: தம்பி, இந்த இதழுக்கு வந்ததிலேயே நேர்மையான கடிதம் உங்களுடையது. வாடிக்கையாளர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே முழுவதும் போட்டிருக்கிறேன்.

நீங்கள் சொல்வது புதிய கதை இல்லை. 1992இல் கலிபோர்னியா மாநில அரசு, சியர்ஸ் என்ற மிகப் பெரிய நிறுவனத்தின் கார் ஒர்க்‌ஷாப்புகளில் சோதனை நடத்தியது. அரசு ஆட்கள் சாதாரண வாடிக்கையாளர்களாக வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். 38 தடவை போனதில் 34 தடவை, சியர்ஸ்காரர்கள் தேவையில்லாத வேலையைச் செய்து காசு வாங்கினார்கள். ஆராய்ந்தபோது தெரியவந்தது என்ன? அங்கே அட்வைசர்களுக்கு விற்பனைக் கமிஷன் இருந்தது. இத்தனை பிரேக் வேலை, இத்தனை ஷாக் அப்சார்பர் என்று ஒவ்வொருவருக்கும் இலக்கு இருந்தது. விஷயம் நாடெங்கும் வெடித்ததும் அந்த நிறுவனம் அட்வைசர் கமிஷனையே நிறுத்தியது. ஆளை மாற்றுவதைவிட அந்தக் கணக்கை மாற்றினால்தான் இது ஓயும் என்று அவர்களுக்கே புரிந்திருக்க வேண்டும்.

அதனால் குற்றத்தில் பெரும்பங்கு இலக்கு வைக்கிறவர்களுக்கு. ஆனால் கடைசியில் ஒரு சம்சாரியிடம் ‘இது செய்யலன்னா வழியில நின்னுரும்’ என்று சொல்வது உங்கள் வாய்தான். மிளகாய் விற்ற காசில் தவணை கட்டுகிற மனிதர் அவர். அந்த ஒரு வார்த்தையை மட்டும் உண்மையில்லாமல் சொல்லாதீர்கள். கோட்டிங் விற்க வேண்டுமா, ‘இது கட்டாயம் இல்ல, விருப்பம்’ என்று சொல்லியே விற்றுப் பாருங்கள். எஸ்டிமேட்டில் அட்டவணை வேலை தனியாக, விருப்ப வேலை தனியாக இரண்டு பகுதியாக எழுதுங்கள். அதைச் செய்கிற அட்வைசரைத் தேடி வாடிக்கையாளர் மறுபடியும் வருவார், சொந்தக்காரர்களையும் கூட்டிவருவார். மேலே இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கும் புரியும்.

வாசகர்களுக்கு: அட்வைசரிடம் கத்தாதீர்கள். ‘இதுல எது மேனுவல்ல இருக்கு, எது நீங்க சேர்த்தது?’ என்று அமைதியாகக் கேளுங்கள். பாதிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள், அவர்களுக்கும் மனசு உறுத்தும்.

கேள்வி: வீட்டுக்காரர் சவுதியில. வண்டி ஓட்டுறது, சர்வீஸுக்கு விடுறது எல்லாம் நான்தான். அங்க போனா ‘சார் நம்பர் குடுங்க, அவருகிட்ட பேசிக்கிறோம்’கிறாங்க. அவரும் ரெண்டாயிரம் மைல் தள்ளி இருந்து எல்லாத்துக்கும் சரின்னுடுறாரு!
— வீரசோழன் வாசகி

பதில்: நம்பரைக் கொடுக்காதீர்கள். ‘வண்டியை ஓட்டுறது நான். எனக்குக் காட்டுங்க, நான்தான் முடிவு சொல்வேன்’ என்று சொல்லி, ஜாப் கார்டிலும் உங்கள் நம்பரையே எழுத வையுங்கள். ஆர்சி யார் பெயரில் இருந்தாலும் சரி. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரையும் நுகர்வோர் என்றே சட்டம் சொல்கிறது.

இன்னொன்று. வண்டியை விடும்போதே கொஞ்சம் சீக்கிரம் போய், லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். டயர், பிரேக், அடியில் ஆயில் கசிவு இந்த மூன்றையும் அட்வைசரோடு சேர்ந்து நீங்களே பார்த்துவிட்டால், மதியம் போனில் புதிதாக ஒன்று முளைக்காது. அப்படியே முளைத்தாலும் வீடியோ கேளுங்கள்; வண்டி நம்பரும் அந்தப் பாகமும் ஒரே வீடியோவில் தெரிய வேண்டும். உங்கள் வீட்டுக்காரரிடம் நீங்களே பேசி, ‘என்னைக் கேக்காம சரி சொல்லாதீங்க’ என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் சொல்லாத வேலையெல்லாம் செஞ்சுட்டு, முழுக் காசும் கட்டினாத்தான் சாவி தருவோம்னு நின்னாங்க. சாயங்காலம் ஆயிருச்சு, கடைசி பஸ்ஸும் போயிரும். கட்டிட்டு வந்துட்டேன். இனி ஒண்ணும் செய்ய முடியாதா?
— நரிக்குடி வாசகர்

பதில்: முடியும். நிறையவே முடியும்.

வேலை செய்தவர் கூலி வாங்கும் வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170 சொல்கிறது. அதை வைத்துத்தான் சாவியைப் பிடிக்கிறார்கள். ஆனால் அதே பிரிவில், பொருளை எந்த நோக்கத்துக்காக ஒப்படைத்தாரோ அந்த நோக்கப்படி செய்த வேலைக்கு என்று தெளிவாக இருக்கிறது. ஆயில் மாற்றக் கொடுத்த வண்டிக்குக் கேட்காமல் கோட்டிங் அடித்துவிட்டு, அதற்கு வண்டியைப் பிடித்துவைக்க அந்தப் பிரிவு இடம் கொடுக்கவில்லை.

அந்த இடத்தில் மல்லுக்கட்டி ராத்திரி அங்கேயே நிற்பதைவிட நீங்கள் செய்ததே விவேகம். இன்னொரு முறை அப்படி நேர்ந்தால் பணத்தைக் கட்டும்போது, அவர்கள் வைத்துக்கொள்ளும் பிரதியிலும் உங்கள் பில்லிலும் ‘சம்மதமின்றிச் செய்த வேலைக்கு ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் கார்டிலோ யுபிஐயிலோ கட்டுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ஜாப் கார்டு, முதல் எஸ்டிமேட், பில், அவர்கள் அனுப்பிய மெசேஜ்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேருங்கள். டீலருக்கும் கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மெயிலில் புகார் அனுப்புங்கள். கம்பெனிக்கும் போகிறது என்றால் டீலர் கொஞ்சம் இறங்கி வருவார். ஒரு வாரம் பார்த்துவிட்டு 1915க்குப் போன் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அங்கேயே தீர்ந்துபோகிற புகார்கள் நிறைய.

தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிற 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நமக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு. டீலர் மதுரையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. நரிக்குடியிலிருந்து அது தூரம்தான். இ-ஜாக்ருதி இணையதளம் வழியாகவும் மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரையிலான தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், ஒரு பொருளோ சேவையோ வேண்டுமானால் கூடவே இன்னொன்றையும் வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை இதே சட்டம் தனியாகவே தவறான வணிக முறையாகச் சொல்லியிருக்கிறது. ‘கோட்டிங் அடிச்சாத்தான் ஃப்ரீ சர்வீஸ் போடுவோம்’ என்பது அந்த வகை. பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகம்.

வண்டியை விடும்போது வெற்று ஜாப் கார்டில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘எஸ்டிமேட்டுக்கு மேல் போனால் எழுத்தில் என் அனுமதி வேண்டும்’ என்ற ஒரு வரியை அதில் நீங்களே எழுதுங்கள்.

கேள்வி: கழட்டுன பார்ட்டைக் கேட்டா ‘அது ஸ்கிராப் சார்’னு சொல்றாங்க. கேக்க நமக்கு உரிமை இருக்கா?
— கல்குறிச்சி வாசகர்

பதில்: காசு கொடுத்து மாற்றினீர்களா, பழையது உங்களுடையது. வாரண்டியில் இலவசமாக மாற்றினால் கம்பெனி எடுத்துக்கொள்ளும். இன்சூரன்ஸில் மாற்றினால் அவர்கள் கேட்கலாம். மற்றபடி வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் ‘பழைய பாகங்கள் வேண்டும்’ என்று எழுதிவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பது வேறு. கேட்பார் என்று தெரிந்தால், மாற்றாததை மாற்றியதாக எழுத மாட்டார்கள்.

பில்லையும் இதே கண்ணோடு பாருங்கள். உங்கள் இன்ஜினுக்கு எத்தனை லிட்டர் ஆயில் பிடிக்கும் என்று மேனுவலில் இருக்கும். சின்ன பெட்ரோல் காருக்குப் பெரும்பாலும் மூன்று, மூன்றரை. பில்லில் நாலரை லிட்டர் என்று இருந்தால் மீதி எங்கே போனது?

கேள்வி: பேட்டரியும் கூலன்டும் ரெண்டையும் மாத்தச் சொல்றாங்க. வண்டி நல்லாத்தானே ஓடுது? கூலன்டுக்குப் பதிலா போர் தண்ணி ஊத்தினா ஆகாதா?
— பரளச்சி வாசகர்

பதில்: போர் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், கையெடுத்துக் கேட்கிறேன். நம் பக்கத்து நிலத்தடித் தண்ணீரில் கொதிக்கவைத்த பாத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளையாகப் படிகிற அதே உப்பு ரேடியேட்டரின் குறுகலான குழாய்களுக்குள் படிந்து அடைக்கும். சித்திரை வெயிலில் இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் போனால், மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு செலவு. கூலன்ட் அட்டவணையில் இருக்கிற வேலை, காலம் வந்துவிட்டால் மாற்றுங்கள். பிரேக் ஆயிலும் அப்படித்தான். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி, சூட்டில் சீக்கிரம் கொதிக்கிற நிலைக்கு வந்துவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் அதில் ஏமாற்று இல்லை.

பேட்டரிக்கு ஆதாரம் கேளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருந்தால் பேட்டரி சார்ஜோடு இருக்கிறது. ஸ்டார்ட் செய்தபின் 13.8க்கும் 14.4க்கும் இடையில் வந்தால் ஆல்டர்னேட்டரும் சரி. சுமை வைத்துப் பார்க்கும் டெஸ்டர் எல்லா பேட்டரிக் கடையிலும் உண்டு, சீட்டே அச்சாகி வரும். நம் வெக்கையில் பேட்டரி சீக்கிரம் களைத்துப்போகும் என்பது உண்மை. மூன்று நான்கு ஆண்டு ஆன பேட்டரி அந்தச் சோதனையில் தோற்றால் மாற்றிவிடுங்கள். சோதிக்காமலே மாற்றச் சொன்னால் வேண்டாம்.

கேள்வி: ஒத்த டயர்ல வேலிக்காத்தான் முள்ளு ஏறிருச்சு. நாலு டயரும் மாத்தணுமாம்!
— கமுதி பக்கத்திலிருந்து ஒருவர்

பதில்: முள் ஏறியது தரையில் படுகிற பகுதியில் என்றால் உள்ளே பேட்ச் வைத்தால் போதும். பக்கவாட்டில் கிழிந்திருந்தால் மட்டுமே அந்த ஒரு டயரை மாற்ற வேண்டும். மற்ற மூன்றையும் நீங்களே சோதிக்கலாம். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. பிறகு பக்கவாட்டில் நாலு இலக்கம் தேடுங்கள். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும், ஆறு ஏழு ஆண்டு வெயிலில் நின்று மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தால் அந்த டயரோடு நாற்கரச் சாலையில் நூறில் போக வேண்டாம்.

கேள்வி: இன்ஜின் லைட் எரியுது. சைலன்சர்ல இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போச்சு, நாற்பதாயிரம்ங்கிறாங்க.
— மல்லாங்கிணறு வாசகர்

பதில்: ஸ்கேனரில் வந்த கோளாறுக் கோடு நம்பரைக் கேளுங்கள். பி0420 என்று சொல்வார்கள் என்று நினைக்கிறேன். கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததுபோல் தெரிகிறது என்பதுதான் அதன் பொருள். காய்ச்சல் இருக்கிறது என்று தெர்மாமீட்டர் காட்டுவதைப் போல, எதனால் என்று அது சொல்லாது. ஆக்சிஜன் சென்சார் பழுதானாலும், சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலும், அதே கோடு வரும். அவற்றை முதலில் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். இந்தக் கோளாறு நம்பரைப் படிக்கிற ஓபிடி ஸ்கேனர் இப்போது உள்ளூர் மெக்கானிக்குகளிடமும் இருக்கிறது, இன்னொருவரிடம் காட்டாமல் நாற்பதாயிரத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். லைட் விட்டு விட்டுச் சிமிட்டினால் மட்டும் ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: இ20 பெட்ரோலுக்காக ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு மருந்து பாட்டில் ஊத்துறாங்க. தேவையா?
— அருப்புக்கோட்டை வாசகர்

பதில்: 2023 ஏப்ரலுக்குப் பிறகு செய்த கார் என்றால் எத்தனால் கலந்த அந்தப் பெட்ரோலுக்கேற்பவே வந்திருக்கும். பாட்டில் வேண்டாம். அதற்கு முந்தைய கார் என்றால் கவனிக்க வேண்டியது ரப்பர் குழாய்களும் கேஸ்கட்டும். சில பழைய வண்டிகளில் இருபது முப்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு அவற்றை மாற்ற வேண்டி வரலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. அந்தச் செலவு சிறியது. பாட்டிலுக்குக் கொடுக்கிற காசை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எலி ஒயரைக் கடிச்சிருச்சு. மொத்த ஒயரிங்கும் மாத்த முப்பதாயிரம், இனிமே வராம இருக்க ஸ்பிரே ஆயிரத்து இருநூறு. என்ன செய்யட்டும்?
— தமிழ்ப்பாடி சம்சாரி

பதில்: எந்த ஒயர், எத்தனை இடத்தில் என்று போட்டோ கேளுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ் ஒயர் என்றால் முழுதாக மாற்றுவதே பாதுகாப்பு, அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். மற்ற இடங்களில் ஒன்றிரண்டு ஒயர் என்றால் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டு முடித்துவிடுவார். வேலை தொடங்குமுன் இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள், எலிக்கடி சில பாலிசிகளில் வரும். கையை வைத்த பிறகு கேட்டால் கிடைக்காது.

ஸ்பிரே வாடை சில வாரத்தில் போய்விடும். கார் நிற்கிற கொட்டகையில் சோள மூட்டையோ கடலை மூட்டையோ அடுக்கியிருந்தால் முதலில் அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ராத்திரி வண்டியை வெட்டவெளியில் நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது. வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பாருங்கள். புழுக்கையோ வைக்கோல் துணுக்கோ கிடந்தால் அன்றைக்கே சுத்தம் செய்துவிடுங்கள்.